டாங்கிக்குப் பெட்ரோல் கொண்டுபோனது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் இரண்டாம் உலகப்போர் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்துவருகிறேன். எழுதுகிறவருக்கு நல்ல நடை, படங்களும் அருமை. ஆனால் இத்தனை வாரமாக வந்ததெல்லாம் ஹிட்லர் என்ன திட்டம் போட்டார், சர்ச்சில் என்ன முழங்கினார், ஜெர்மன் தளபதி ரோமல் பாலைவனத்தில் எப்படிச் சுற்றிவளைத்தார், எந்த டாங்கிக்கு எத்தனை மில்லிமீட்டர் தகடு, இவ்வளவுதான். போன ஞாயிறு அரைப் பக்கத்துக்கு டைகர் டாங்கியின் படம் போட்டு, போரின் போக்கையே மாற்றிய இரும்பு யானை என்று தலைப்பும் கொடுத்திருந்தீர்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த யானைக்குத் தீனி யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஒரு வரி கூட இல்லையே ஐயா?

நான் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திப் பிழைத்தவன். எதைப் படித்தாலும் லோடு எங்கே ஏறியது, வண்டி எத்தனை, டீசல் யார் போட்டது, திரும்பும்போது காலியாக வந்தார்களா என்றுதான் என் புத்தி போகும். அந்தப் புத்தியோடு பார்த்தால் அந்தப் போர் வேறு மாதிரி தெரிகிறது. சரக்கை நகர்த்தத் தெரிந்தவன் ஜெயித்தான், அதை இரண்டாம்தர வேலை என்று நினைத்தவன் தோற்றான் என்பது என் கட்சி. அது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, ஸ்டாலின்கிராடில் தெருத் தெருவாக நின்று செத்தவர்களை லாரிக் கணக்கில் அடக்க முடியாது. ஆனாலும் தொடரில் ஒரு வாரமாவது இதற்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

டைகரிலேயே தொடங்குகிறேன். முதல் ரக டைகரை ஜெர்மனி மொத்தமே 1,350 அளவில்தான் செய்தது. அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி கிட்டத்தட்ட 50,000. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் டைகர்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் டைகர் 57 டன். ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் அகலமான செயினைக் கழற்றி, வெளிவரிசைச் சக்கரங்களையும் கழற்றி, ரயில் பயணத்துக்கென்றே செய்த குறுகிய செயினை மாட்ட வேண்டும், இறங்கின இடத்தில் மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஷெர்மனை வரைந்தவர்கள் துறைமுகக் கிரேன் எவ்வளவு தூக்கும், கப்பலில் எப்படி அடுக்குவது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். எது போரின் போக்கை மாற்றியது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதேபோல ஜெர்மன் ராணுவம் என்றாலே எல்லாம் மோட்டாரில் பறந்தது மாதிரி ஒரு சித்திரம் நம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது, உங்கள் தொடரிலும் அப்படித்தான். 1941 ஜூன் 22-ஆம் தேதி 30 லட்சம் பேருக்கு மேல் ரஷ்யாவுக்குள் இறங்கியபோது கூடவே சுமார் 6 லட்சம் குதிரைகளும் போயின. பீரங்கியை இழுத்ததும் மூட்டையைச் சுமந்ததும் பெரும்பாலும் அவைதான். மோட்டார் வண்டிகளும் 6 லட்சம் அளவில் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனியில் செய்தது, செக் நாட்டில் எடுத்தது, பிரான்ஸில் பிடுங்கியது என்று ஏறத்தாழ 2,000 ரகம். நாலு கம்பெனி வண்டி வைத்திருக்கும் லாரி ஓனருக்கே ஸ்பேர் பார்ட்ஸ் தேடித் தலை சுற்றும், 2,000 ரகத்துக்கு ரஷ்யச் சேற்றில் எங்கே போய் பேரிங் தேடுவான்? ரயிலில் கொண்டுபோகலாம் என்றால் ரஷ்யத் தண்டவாளம் ஜெர்மன் தண்டவாளத்தைவிட அகலம். நம் ஊரில் முன்பு மீட்டர்கேஜும் பிராட்கேஜும் சேர்ந்த ஜங்ஷனில் மூட்டையெல்லாம் இறக்கி மாற்றி ஏற்றுவார்களே, அந்தக் கூத்துதான், கூடவே மைனஸ் 30 டிகிரி குளிர் வேறு. மாஸ்கோ வாசலில் நின்ற ஜெர்மன் சிப்பாய்க்குக் குளிருடுப்பு போய்ச் சேராததற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. ரயிலில் இருந்த இடத்தையெல்லாம் குண்டும் எண்ணெயும் பிடித்துக்கொண்டன, கோட்டு போலந்திலேயே தங்கிவிட்டது.

எதிர்ப் பக்கம் என்ன செய்தார்கள் பாருங்கள். ஜெர்மன்காரன் வந்துகொண்டிருக்கும்போதே, 1941-இன் அந்த ஆறேழு மாதத்துக்குள் 1,500-க்கும் மேற்பட்ட பெரிய ஆலைகளை சோவியத் அரசு கழற்றி, ரயிலில் ஏற்றி, யூரல் மலைக்கும் அதற்கு அந்தப் பக்கத்துக்கும் கொண்டுபோனது. லேத், பிரஸ், பாய்லர், அதை ஓட்டுகிற ஆள், ஆளின் குடும்பம் எல்லாம் ஒரே ரயிலில். கார்கிவ் நகரத்து டாங்கி ஆலை நிஷ்னி தாகில் போய் இறங்கி, அந்த டிசம்பரிலேயே டி-34 டாங்கியை வெளியே விட்டது. பல இடங்களில் கூரை போடுவதற்கு முன்பே மெஷின் ஓட ஆரம்பித்திருக்கிறது. வேலை செய்தவர்களில் பாதிக்குமேல் பெண்களும் சிறுவர்களும். இதில் வீரத்தோடு கொடுமையும் உண்டு, வேலைக்கு லேட்டாக வந்தாலே வழக்கு போடுகிற சட்டம் அங்கே இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் அமெரிக்கா கொடுத்தது. 1941 மார்ச்சில் போட்ட கடன்-குத்தகைச் சட்டத்தின்கீழ் ரஷ்யாவுக்குப் போனவற்றில் டாங்கியும் விமானமும் உண்டு, ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது சுமார் 4 லட்சம் லாரிகளும் ஜீப்புகளும், 1,900 சொச்சம் ரயில் எஞ்சின்களும்தான். ரஷ்யா தன் ஆலைகளில் டாங்கியாகச் செய்து தள்ள முடிந்ததே அதனால்தான், லாரி செய்கிற வேலையை வேறொருவன் பார்த்துக்கொண்டான். ஸ்டுடிபேக்கர் என்ற அமெரிக்க லாரிக் கம்பெனியின் பெயரை ரஷ்யச் சிப்பாய்கள் சாகும்வரை மறக்கவில்லை என்பார்கள். டப்பாவில் வந்த இறைச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இரண்டாவது போர்முனை’. மேற்கே இரண்டாவது போர்முனையைத் திறக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி இழுத்தடித்த நேச நாடுகளைக் கிண்டல் செய்தது அது.

இந்த லாரியும் டப்பாவும் கடல் தாண்டி வரவேண்டும். அட்லாண்டிக் கடல் சண்டைக்கு உங்கள் தொடரில் ஒரே ஒரு பத்தி, அதிலும் பாதி ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல். போர்க்காலத்தில் தன்னை உண்மையாகவே பயமுறுத்திய ஒரே விஷயம் ஜெர்மன் நீர்மூழ்கிகள்தான் என்று சர்ச்சிலே பின்னால் எழுதியிருக்கிறார். அன்று இங்கிலாந்து தின்ற சோற்றில் பாதிக்குமேல் கப்பலில் வந்தது, எண்ணெய் முழுக்கவே கப்பலில் வந்தது. அதை வெட்டிவிட்டால் ஒரு சிப்பாய்கூடத் தரையிறங்காமல் லண்டனைப் பணியவைத்துவிடலாம் என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் போட்ட கணக்கு தப்பான கணக்கே இல்லை. 1942-இல் மட்டும் நீர்மூழ்கிகள் 1,000-க்கும் அதிகமான சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் நடந்ததைப் படித்தால் எரிச்சல் வரும். நாடு போரில் இறங்கியாயிற்று, ஆனால் கடற்கரை ஊர்களில் சுற்றுலா சீசன் கெட்டுவிடும் என்று விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் எண்ணெய்க் கப்பல்கள் நிழல்போலத் தெரிய, வெளியே இருட்டில் நின்ற நீர்மூழ்கிகள் வரிசையாகச் சுட்டுத் தள்ளின. முதலில் வந்தவை வெறும் ஐந்தே ஐந்து.

இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடம். அதில் ஒரு அறை. காசநோய் என்று கடற்படை வீட்டுக்கு அனுப்பிவிட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டு, நீர்மூழ்கிகள் எப்படித்தான் அடிக்கின்றன என்று கண்டுபிடி என்று விட்டார்கள். அவருக்குக் கிடைத்த ஆட்கள் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்த இளம்பெண்கள், கணக்கு நன்றாக வரும், கப்பலில் போனதே இல்லை. தரையில் லினோலியம் விரித்து, கட்டம் போட்டு, சிறு மரக்கட்டைகளைக் கப்பலாக வைத்து, சாக்பீஸால் பாதையைக் கோடு போட்டு விளையாடினார்கள். சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போகும் பாதுகாப்புக் கப்பலின் கேப்டனைத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்காரவைத்து ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்க விடுவார்கள், நடுக்கடலில் ராத்திரி அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியவேண்டும் என்பதற்காக. இப்படி விளையாடி விளையாடி, நீர்மூழ்கி வெளியே நின்று சுடவில்லை, பின்பக்கமாகக் கப்பல் கூட்டத்துக்கு உள்ளேயே புகுந்து நீர்மட்டத்தில் நின்று சுடுகிறது என்று பிடித்தார்கள். அதற்கு மாற்று உத்தியும் வகுத்தார்கள். நீர்மூழ்கிப் போரில் பழம் தின்று கொட்டை போட்டவரான அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் வந்து, நானே நீர்மூழ்கியாக விளையாடுகிறேன் என்று உட்கார்ந்து, ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றுப்போனார். டைகர் படத்துக்குப் பதில் அந்தத் தரையின் படத்தைப் போட்டிருக்கலாம்.

இன்னொரு ஆள் பேட்ரிக் பிளாக்கெட், இயற்பியல் விஞ்ஞானி, பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். சின்னச் சின்னக் கூட்டமாகக் கப்பலை அனுப்பினால்தான் பத்திரம் என்று கடற்படை நம்பிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆட்கள் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தாக்குதலில் மூழ்குகிற கப்பலின் எண்ணிக்கை கூட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் ஏறக்குறைய அதேதான். கூட்டத்தை இரட்டிப்பாக்கினால் சுற்றளவு இரட்டிப்பாகாது, ஆகவே காவலுக்கும் இரண்டு மடங்கு கப்பல் வேண்டாம். அப்படியென்றால் பெரிய கூட்டமாக அனுப்பு, முடிந்தது. புதிய ஆயுதம் ஒன்றுகூடச் செய்யாமல், வெறும் பேப்பரும் பென்சிலும் வைத்துக் காப்பாற்றிய கப்பல்கள் அவை.

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் முதலானோர் ஜெர்மனியின் எனிக்மா சங்கேத இயந்திரத்தை உடைத்த கதையை நீங்கள் ஏற்கெனவே நன்றாக எழுதிவிட்டீர்கள், போலந்துக் கணித மேதைகள் 1932-லேயே அதை உடைக்கத் தொடங்கியதை விட்டுவிட்டீர்கள், அது மட்டும் குறை. ரேடாரும் அப்படித்தான். 1940-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் செய்த, ரேடாரை விமானத்தில் வைக்கும் அளவுக்குச் சிறிதாக்கிய, உள்ளங்கை அளவு மேக்னட்ரான் கருவியை, இங்கிலாந்து கிட்டத்தட்ட இனாமாகவே அமெரிக்காவிடம் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து, நீங்களே ஆயிரக்கணக்கில் செய்யுங்கள் என்றது. நீண்டதூர விமானம், குட்டி ரேடார், உடைத்த சங்கேதம், லிவர்பூல் தரையில் பழகிய கேப்டன்கள் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்த மாதம் 1943 மே. அந்த ஒரு மாதத்தில் 41 நீர்மூழ்கிகளை இழந்து, டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் படையை விலக்கிக்கொண்டார். போர் முடிவதற்குள் நீர்மூழ்கிகளில் போன ஜெர்மன் மாலுமிகளில் நாலில் மூன்று பேர் வரை செத்தார்கள். மறுபக்கத்தில் செத்த வணிகக் கப்பல் மாலுமிகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள், எஞ்சின் அறையில் கரி அள்ளியவர்கள், சமைத்தவர்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல். மூழ்குவதைவிட வேகமாகக் கட்டிவிட்டால் போதும் என்ற எண்ணத்தில் அமெரிக்கா 2,710 கப்பல்களை நாலு வருடத்தில் கட்டியது. ஒன்றில் 10,000 டன் அளவுக்கு ஏற்றலாம், வேகம் வெறும் 11 நாட், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். முதல் கப்பலுக்கு 8 மாதம் ஆனது, பிறகு சராசரி 42 நாள். விளம்பரத்துக்காக ஒன்றை 4 நாள் 15 மணி நேரத்தில் கட்டிக் காட்டினார்கள். கட்டியவர்களில் பெரிய ஆள் ஹென்றி கைசர், அணை கட்டிய காண்டிராக்டர், அதற்குமுன் கப்பல் கட்டியவரே இல்லை. ரிவெட் அடிப்பதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும், வெல்டிங் அப்படியில்லை, ஆகவே வெல்டிங் என்று முடிவு செய்து, துண்டு துண்டாகத் தனி இடத்தில் செய்து கிரேனில் தூக்கிச் சேர்த்தார்கள். நேற்றுவரை ஹோட்டலில் பரிமாறிய பெண் இன்று வெல்டர். சில கப்பல்கள் குளிர்கடலில் அப்படியே விரிசல்விட்டு இரண்டாக உடைந்ததும் உண்மை, இரும்பு குளிரில் எளிதில் முறிந்துபோகிற ரகம். ஆனால் ஒருமுறை சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாலே கப்பல் தன் விலையைக் கொடுத்துவிட்டது என்பதுதான் அன்றைய கணக்கு.

என் தொழில் சம்பந்தப்பட்டதை எழுதாமல் விட முடியாது. 1944 ஆகஸ்டில் நார்மண்டியிலிருந்து நேச நாட்டுப் படை பாய்ந்து ஓடுகிறது, பிரான்ஸின் ரயில் பாதைகளை முன்னாலேயே அவர்களே குண்டு போட்டு நொறுக்கியாயிற்று, இப்போது எண்ணெய் எப்படிப் போகும்? லாரிதான். ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்து, போக ஒரு ரோடு, வர ஒரு ரோடு, வேறு வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று ஒதுக்கி, உச்சத்தில் கிட்டத்தட்ட 6,000 லாரிகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். ஓட்டியவர்களில் நாலில் மூன்று பேர் கறுப்பின அமெரிக்கர்கள். துப்பாக்கி கொடுத்து முன்னால் அனுப்ப மாட்டேன் என்று ஒதுக்கிவைத்த ராணுவம், அவர்கள் ஸ்டியரிங்கை நம்பித்தான் ஜெர்மன் எல்லைவரை போனது. இரண்டரை டன் வண்டியில் ஐந்து டன் ஏற்றினார்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள், டயர் கிழிந்தது, தூக்கத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. ஓவர்லோடும் கவர்னர் கழற்றலும் எங்கேயும் உள்ளதுதான் போலிருக்கிறது. அப்படியும் போதவில்லை, ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ஜெனரல் பேட்டனின் டாங்கிகள் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டன.

அப்போது ஏற்பட்ட ஒரு தட்டுப்பாடு வேடிக்கையானது. பெட்ரோல் இருக்கிறது, ஊற்றக் கேன் இல்லை. 20 லிட்டர் ஜெர்ரி கேன், நம் கட்டடம் கட்டுகிற இடத்தில்கூடப் பார்த்திருப்பீர்கள், அது ஜெர்மன்காரன் கண்டுபிடிப்பு. மேலே மூன்று கைப்பிடி, ஒரே ஆள் காலியான கேன் நாலைத் தூக்கலாம், நிரம்பியதை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம், ஒழுகாது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயர்களின் தகர டின் ஒழுகி ஒழுகிப் பெட்ரோலில் பெரும்பங்கு மண்ணுக்குப் போனபோது, பிடித்த ஜெர்மன் கேனைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தார்கள். லட்சக்கணக்கில் செய்து பிரான்ஸுக்குக் கொண்டுவந்தால், அவசரத்தில் ஓடுகிற படை காலிக் கேனை ரோட்டோரமே வீசிவிட்டுப் போய்விட்டது. கடைசியில் பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் பொறுக்கித் தரச் சொல்லி வேண்டுகோள் விட்டார்கள்.

கிழக்கே ஜப்பான். அமெரிக்காவோடு சண்டைக்குப் போன நாடு, தன் எண்ணெயில் 80 சதவீதத்தை அமெரிக்காவிடமே வாங்கிக்கொண்டிருந்தது. 1941 ஆகஸ்டில் அது நின்றதும், இந்தோனேசிய எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கப் பாய்ந்தார்கள், பிடித்தும்விட்டார்கள், ஊருக்குக் கொண்டுவரக் கப்பல் வேண்டுமே என்பதில் கோட்டைவிட்டார்கள். கூட்டமாகக் காவலோடு அனுப்பும் முறையைக் காலம் கடந்துதான் எடுத்தார்கள். அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானின் வணிகக் கப்பல்களில் பாதிக்குமேல் காலி செய்தன. கடைசி வருடத்தில் பள்ளிப் பிள்ளைகள் மலையில் பைன் மர வேரைத் தோண்டினார்கள், விமானத்துக்கு அதிலிருந்து எண்ணெய் எடுக்க. எதிர்ப் பக்கம் மலாயா ரப்பர் ஜப்பான் கைக்குப் போனதும், எண்ணெய் மண்டிக்கிடந்த அமெரிக்கா தன் மக்களுக்குப் பெட்ரோல் ரேஷன் போட்டது, மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதே என்றது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க அல்ல, டயரை மிச்சம் பிடிக்க. இலங்கைத் தோட்டங்களில் ரப்பர் மரத்தை விடாமல் கீறிப் பால் எடுத்ததும் அப்போதுதான், கீறியவர்களில் நம் ஆட்கள் உண்டு.

அடுத்த வாரம் பசிபிக் போர்முனை என்று அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு விஷயம் விடாமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், இரண்டுமே கப்பல் பற்றாக்குறையில் பிறந்தவை. ஒன்று சயாம் மரண ரயில். சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழியில் நீர்மூழ்கி பயம் இருந்ததால், காட்டுக்குள் 415 கிலோமீட்டருக்கு ரயில் போட ஜப்பான் முடிவெடுத்து 1943 அக்டோபருக்குள் முடித்தது. செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000-க்கு மேல், அவர்களுக்குப் பேர் எழுதிய கல்லறை இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியத் தொழிலாளிகள், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துப்போன தமிழர்கள் பல்லாயிரம், பெரும்பாலானவர்களுக்குப் பேர்கூடப் பதிவாகவில்லை.

இன்னொன்று 1943 வங்காளப் பஞ்சம். பர்மா அரிசி நின்றது, ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று கரையோரப் படகுகளை அரசே பறிமுதல் செய்தது, விலை ஏறியது, இதெல்லாம் எழுதியிருப்பீர்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்த வருடத் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களில் பாதிக்குமேல் அட்லாண்டிக் பக்கம் திருப்பிவிட்டது சர்ச்சிலின் அமைச்சரவை, பிறகு டெல்லியிலிருந்து கோதுமைக்குக் கப்பல் கேட்டுக் கேட்டு எழுதியபோது கேட்டதில் சிறு பங்கைத்தான் கொடுத்தது. செத்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை. டைகருக்குக் கொடுத்த அரைப் பக்கத்தை அடுத்த வாரம் இந்தக் கப்பல் கணக்குக்குக் கொடுங்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்ற விவரத்தோடு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
நாமக்கல்